தொடர்ச்சி இல்லாத தொடர்ச்சி மலை: ஜவ்வாதும் கொல்லியும் ஒரே மலையா?

கோடுபோடுபவன்

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு நிலவரைபடம் வரைந்துகொண்டிருக்கிறேன். வடக்கே பாலாறு, தெற்கே காவிரி, நடுவில் உள்ள மலைகள், பரப்பு அவ்வளவுதான். நான்கடிக்கு மூன்றடி அட்டை. கடற்கரையை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். மலைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

நான் படித்த காலத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலை என்றால் ஒரு பழுப்புப் பட்டை. ஒடிசாவில் கிளம்பி, கம்பளிப்பூச்சி போல ஊர்ந்து, நீலகிரியில் வந்து சேரும். மகளின் புத்தகத்திலும் அதே கம்பளிப்பூச்சிதான் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் அதைக் காணோம். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், பச்சைமலை, கொல்லி என்று, குளத்தில் முதுகு மட்டும் தெரியப் படுத்திருக்கும் எருமைகளைப் போலத் தனித்தனியாகக் கிடக்கின்றன.

"தொடர்ச்சி என்று பெயர் எழுதிவிட்டு ஏன் அப்பா துண்டு துண்டாக வரைகிறீர்கள்?" என்று மகள் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. எங்கே ஒரு மலை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது? இவற்றை மலை என்பதா, குன்று என்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அட்டை ஒன்றுதான் இருக்கிறது. அழித்து அழித்து வரைந்தால் கிழிந்துவிடும்.


ஜன்னலோர இருக்கை

மலையை முதலில் வரையத் தொடங்கியதால்தான் சிக்கல். இடைவெளிகளை முதலில் வரையுங்கள், மலை தானாக மிஞ்சும்.

இருபது வருடம் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இந்த வழிகளில் பஸ்ஸில் அலைந்தவன் நான். நிலவியல் தெரியாது. எந்தப் பக்க ஜன்னலில் எந்த மலை வரும் என்பது தெரியும்.

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகக் கிழக்கே போங்கள். இடப்பக்கம் முதலில் சேர்வராயன், பிறகு கல்வராயன். வலப்பக்கம் போதமலை, எட்டத்தில் கொல்லி, ஆத்தூரைத் தாண்டினால் பச்சைமலை. நடுவே வசிட்ட நதி, நெடுஞ்சாலை, விருத்தாசலம் போகும் ரயில் பாதை மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. இதுதான் பெரிய வாசல். இந்த வாசலை அகலமாக வரையாவிட்டால் உங்கள் படத்தில் எதுவும் பொருந்தாது.

அடுத்தது, தம்மம்பட்டியிலிருந்து துறையூர் போகும் வழி. வலப்பக்க ஜன்னலில் கொல்லிமலை சுவர் போல நிற்கும். இடப்பக்கம் பச்சைமலை, கொஞ்சம் சாந்தமாக. இரண்டுக்கும் நடுவே பாக்கு, நெல், மரவள்ளி. கொல்லியும் பச்சைமலையும் ஒன்று என்று யாராவது சொன்னால் அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவது மஞ்சவாடிக் கணவாய். சேலத்திலிருந்து அரூர் போகும்போது இடப்பக்கம் சேர்வராயன், வலப்பக்கம் சித்தேரி. சேர்வராயனின் மேற்குப் பக்கத்தில் தொப்பூர்க் கணவாய். தர்மபுரி நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. லாரிகளுக்கு பிரேக் பிடிக்காமல் போகும் அந்த இறக்கத்தைச் செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும்.

நான்காவது, சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம். வடக்கே ஜவ்வாது. தெற்கே கொஞ்ச தூரத்தில் தென்பெண்ணை தன் வழியை வெட்டிக்கொண்டு சாத்தனூருக்குப் போகிறது. 1767இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயப் படையும் செங்கத்தில் மோதிக்கொண்டன. மேட்டிலிருந்து சமவெளிக்குப் படை இறங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. அன்று பீரங்கி வந்த வழியில் இன்று தக்காளி வண்டி வருகிறது.

சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே இவ்வளவு தெளிவான வாசலை நான் பார்த்ததில்லை. அதை மற்றவர்கள் சொல்லட்டும்.


வாத்தியார் பையன்

பாடநூலிலேயே "தொடர்ச்சியற்றது" என்று போட்டிருக்கிறது. கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி எல்லாம் அதை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகின்றன என்பது அடுத்த வரி. படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பாடத்தைப் படிக்காதவர்களுக்கு அட்டை கிழியத்தான் செய்யும்.


கோடுபோடுபவன்

வாத்தியார் பையன் அவர்களே, குட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய ஆறுகளில் காவிரியைத் தவிர ஒன்றும் என் அட்டையில் இல்லை. காவிரியும் ஓரத்தில்தான் போகிறது. பிறகு இந்த நடுவிலுள்ள மலைகளைத் துண்டாக்கியது யார்?

ஜன்னலோர இருக்கை ஐயாவுக்குப் பெரிய நன்றி. வாசல்களைச் சிவப்புப் பென்சிலில் குறித்துவிட்டேன்.


பாறைப்பேச்சு

நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைகள் எதுவும் இமயம் போல மடிந்து எழுந்தவை அல்ல. சுற்றியிருந்த நிலம் கரைந்துபோக, கரையாமல் நின்றவை. எச்ச மலைகள் என்போம். சோற்றுப் பானையில் அடிப்பிடித்த பகுதி மட்டும் சுரண்டினாலும் வராமல் நிற்கிறதே, அப்படி.

எதனால் நின்றன? பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறையால். நீலம் கலந்த கறுப்பில், உடைத்தால் எண்ணெய் பூசியது போல மினுங்கும். நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுவோம். பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை அது. சேலத்தைச் சுற்றியுள்ள இந்த நிலத்தில் அந்த வேக்காடு நடந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பெயர்க் காரணம் வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை. கல் போனதென்னவோ சென்னைப் பக்கத்திலிருந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்து, அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். நம் கல்லுக்குக் கல்கத்தாப் பெயர்.

இனி உங்கள் வாசல்கள். சேலம்–ஆத்தூர்ப் பள்ளத்தாக்கை வசிட்ட நதி தனியாகத் தோண்டவில்லை. அந்தச் சிறிய ஆற்றுக்கு அவ்வளவு வலு கிடையாது. அந்தக் கோட்டில் நிலத்தின் மேலோடு பழங்காலத்தில் ஒன்றோடொன்று உரசி நகர்ந்திருக்கிறது. வெட்டு மண்டலம் என்பார்கள். பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கம் வரை நீளும் ஒரு பெரிய அமைப்பின் பகுதி அது. அங்கே பாறை நசுங்கிப் பலவீனமாகக் கிடக்கிறது. நசுங்கிய இடத்தில் தண்ணீர் எளிதாகப் புகும், பாறை சீக்கிரம் மக்கும், ஆறு அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வழியைக் கண்டுபிடித்தது, அவ்வளவுதான். வழியைப் போட்டது பாறையின் பழைய காயம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை வேறு. அது இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோது உண்டான விளிம்பையொட்டிய சரிவு. அதனால்தான் பாலக்காட்டுக் கணவாயைத் தவிர்த்தால் மதில் போல நீளமாகப் போகிறது. இங்கே மதில் இல்லை. இடிந்த கோட்டையில் ஆங்காங்கே நிற்கும் கொத்தளங்கள் மட்டும்.


சித்தர்வழி

எல்லாம் சரி ஐயா. கொல்லிமலை ஒரு காலத்தில் எரிமலை என்றும், அதனால்தான் மேலே போனால் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இமயமலையைவிட உயரமாக இருந்து தேய்ந்தது என்றும் கேள்வி. இதையெல்லாம் ஏன் யாரும் எழுதுவதில்லை?


பாறைப்பேச்சு

எழுதுவதில்லை, ஏனென்றால் அப்படி இல்லை. எரிமலை என்றால் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இருக்க வேண்டும். கொல்லியில் இருப்பது நான் மேலே சொன்ன, ஆழத்தில் வெந்த பாறை. கிண்ணம் என்று நீங்கள் சொல்வது ஓடைகள் அரித்த மேட்டுநிலப் பள்ளம்.

இமயத்தோடு போட்டியை விட்டுவிடலாம். இமயம் எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். வயதில் நம் மலை பாட்டனுக்குப் பாட்டன், உயரத்தில் பேரன் ஜெயித்துவிட்டான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

ஆனால் உங்கள் பெரியவர்கள் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். இந்த மலைகளுக்கு உச்சி கிடையாது. மேலே ஏறினால் கூர்முனை வரும் என்று நினைப்போம், வயல் வரும். சேர்வராயனிலும் கொல்லியிலும் மேல்மட்டத்தில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது படிந்திருக்கிறது. சமதளமான நிலத்தில் வெயிலும் மழையும் நெடுங்காலம் பாறையை மக்கவைத்தால்தான் பாக்சைட் உண்டாகும். அதாவது அந்த மேல்தளம் ஒரு காலத்தில் சமவெளி. பிறகு நிலம் உயர்ந்தது, ஓரங்கள் அரிக்கப்பட்டன. பழைய சமவெளியின் துண்டுகள் வானத்தில் தங்கிவிட்டன.


மேல்நாட்டான்

இத்தனை பேர் மலை மலை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஜவ்வாதில் பிறந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நாங்கள் எங்கள் இடத்தை "நாடு" என்றுதான் சொல்கிறோம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. கொல்லிக்குப் போனாலும் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, குண்டூர்நாடு, சேளூர்நாடு. பச்சைமலையில் வண்ணாடு, தென்பரநாடு. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது மலை. எங்களுக்கு அது நிலம். அதில் மேடு உண்டு, பள்ளம் உண்டு, ஓடை உண்டு, ஓடைக்கரையில் நெல் வயல் உண்டு, சரிவில் சாமை உண்டு. சிறுவயதில் முதன்முதலாகத் திருப்பத்தூருக்கு இறங்கியபோது, "இங்கே ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது?" என்று தாத்தாவிடம் கேட்டேனாம்.

ஒரே மலையா, பல மலையா என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து மலைகளைப் பிரித்துக்கொண்டார்கள் என்பது எங்கள் மக்கள் காலங்காலமாகச் சொல்லும் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். யாருக்கு எந்த மலை என்பது கதை சொல்பவரைப் பொறுத்து மாறும். எந்த மலையில் கேட்டாலும் பெரியண்ணன் அங்கேதான் வந்திருப்பார். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள்தான். அரசு ஏட்டில் "மலையாளி" என்று இருக்கும். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவன் மலையாளி. சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஓணம் கொண்டாட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே தம்பி, மலை பலது, வீடு ஒன்று. உங்கள் படத்தில் மலையின் நடுவே மலைப்பெயரை மட்டும் எழுதாமல் நாட்டுப் பெயர்களையும் எழுதுங்கள். காலியாக விட்டால் அங்கே ஆளே இல்லை என்று குழந்தைகள் நினைப்பார்கள்.


கோடுபோடுபவன்

ஐயா, இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. கண்டிப்பாக எழுதுகிறேன். கல்வராயனில் எப்படி?


மேல்நாட்டான்

அங்கே ஜாகீர்கள், அதாவது பரம்பரை உரிமையாக ஆண்ட நிலப்பகுதிகள், இருந்தன. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர். நாடு சுதந்திரமடைந்து ஒரு தலைமுறை கடந்த பிறகும், 1976 வரை மலை அவர்கள் கையில்தான் இருந்தது. கணவாயில் பீரங்கி போகும், ரயில் போகும். சட்டம் மேலே ஏற மட்டும் அவ்வளவு காலம் பிடித்தது. இதற்குமேல் இங்கே எழுதினால் இழை திசை மாறிவிடும்.


சொல்பொறுக்கி

மலையா, குன்றா என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே. எனக்குப் பிடித்த இடம் அது.

இத்தனை மீட்டருக்கு மேலே போனால் மலை என்று உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட கணக்கு எதுவும் கிடையாது. தமிழில் உயரத்தைவிட உருவத்துக்குத்தான் சொற்கள் அதிகம். குன்று சிறியது. பொற்றை, கரடு என்றால் மரம் குறைந்து கல் துருத்தி நிற்பது. பக்கச் சரிவு சாரல். வரிசையாக அடுக்கி நின்றால் அடுக்கம். பிளவு விடர். பக்கமலையைச் சிலம்பு என்றார்கள். சேலம், நாமக்கல் பக்கம் இன்றும் கரடு என்பது அன்றாடச் சொல், ஊருக்கு நாலு கரடு இருக்கும். ஆடு மேய்க்க ஏறுவார்கள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. சேர்வராயனின் மிக உயரமான முகட்டுக்குப் பாடநூல் தரும் பெயர் சோலைக்கரடு. 1620 மீட்டர்! இந்த மலைக்கூட்டத்தின் தலைமகனுக்குக் கரடு என்று பெயர். மேலே வாழ்ந்தவர்களுக்கு அது தங்கள் தளத்திலிருந்து கொஞ்சம் எழும்பிய மேடு, அவ்வளவுதான். மேல்நாட்டான் ஐயா சொன்ன "நாடு" கணக்கோடு இது சரியாகப் பொருந்துகிறது.

இன்னொன்று, "தொடர்ச்சி" என்பது நாம் பிறகு போட்டுக்கொண்ட சொல். வடக்கே "காட்" என்றால் படித்துறை, மலையில் ஏறி இறங்கும் வழி. ஏறுவழிக்கு வைத்த பெயர் மலைக்கு ஒட்டிக்கொண்டது. நம் டிரைவர்கள் "காட் ரோடு" என்று சொல்லும்போது பழைய பொருளில்தான் சொல்கிறார்கள். நம் பாடநூல்காரர்கள் அதைத் தமிழாக்கும்போது இல்லாத தொடர்ச்சியைக் கொடுத்துவிட்டார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.


வாத்தியார் பையன்

மேற்கில் உள்ளது தொடர்ச்சிதானே? அதற்கு வைத்ததைக் கிழக்குக்கும் வைத்தார்கள். இதில் பாடநூல்காரர்களைத் திட்ட என்ன இருக்கிறது?


சொல்பொறுக்கி

திட்டவில்லை. தம்பிக்கு அண்ணன் சட்டையைப் போட்டுவிட்டார்கள் என்கிறேன்.


குளிர்க்கணக்கு

உயரம் பற்றி என் பங்குக்கு. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுவதைவிட, அடிவாரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதினால் குழந்தைகளுக்கு உறைக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. வித்தியாசம் 1200க்கு மேல், குளிர் வித்தியாசம் எட்டு டிகிரி. இருபது கொண்டையூசி வளைவில் எட்டு டிகிரி. ஏலகிரி 1100 மீட்டர்தான், அதன் அடிவாரமும் 400 மீட்டரில் இருக்கிறது. ஆகவே பதினான்கு வளைவு ஏறியும் நான்கைந்து டிகிரிதான் மிச்சம். ஊட்டிக்குப் போகும் எண்ணத்தில் ஏலகிரிக்குக் கம்பளி கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கொல்லிதான் இதில் கெட்டிக்காரன். கீழே நாமக்கல் பக்கம் 200 மீட்டரை ஒட்டிய தட்டை நிலம். அதிலிருந்து ஒரே தூக்காக 1000, 1300 மீட்டருக்குப் போய்விடுகிறது. காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு வைத்ததற்குக் காரணம் அந்தச் செங்குத்துதான். எழுபதிலும் வாந்தி எடுக்காமல் போனவன் என்ற பெருமை எனக்கு உண்டு.


வால்மீன்

உயரம் குறைவு என்றால் பயன் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூர் 725 மீட்டர்தான். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு புதிய வான்நோக்கு நிலையத்துக்கு இடம் தேடியபோது அதைத்தான் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகே, 12.5 டிகிரியில் இருப்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். சுற்றிலும் காடு, நகர விளக்கு கிடையாது. 1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் அங்கிருந்துதான் கிடைத்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டதிலும் அதற்குப் பங்குண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. பழைய வான்நோக்கு நிலையம் இருக்கும் கோடைக்கானல் இருமடங்குக்கு மேல் உயரம். ஆனாலும் இரவு வானத்துக்குக் காவலூர் வேண்டியிருந்தது.

படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போடுங்கள்.


கோடுபோடுபவன்

போட்டுவிட்டேன். மகள் வெள்ளி ஜிகினா ஒட்ட வேண்டும் என்கிறாள்.

அடுத்த சந்தேகம் நிறம். எல்லா மலைக்கும் ஒரே பச்சை அடித்துவிடலாமா? செயற்கைக்கோள் படத்தில் சேர்வராயன் கரும்பச்சை, ஜவ்வாது வெளிர், பச்சைமலை பெயருக்குத்தான் பச்சை என்று தோன்றுகிறது.


ஒற்றையடி

உங்கள் வரைபடம் எந்த மாதத்துக்கானது?

கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இந்தக் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர்க்கும் காடு. நவம்பரில் ஜவ்வாதைப் பார்த்தவனும் ஏப்ரலில் பார்த்தவனும் ஒரே மலையைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்கள். ஏப்ரலில் காலடியில் சருகு அப்பளம் போல நொறுங்கும், எங்காவது ஒரு சரிவில் தீ ஊர்ந்துகொண்டிருக்கும். முதல் கோடைமழை இரண்டு பெய்தால் போதும், பத்து நாளில் சாம்பல் நிறம் போய்விடும்.

அடிவாரத்திலிருந்து நடந்தால் காடு மூன்று முறை மாறும். முதலில் முள்ளும் புதரும். உசிலை, பொரசு, காரை, சூரை. ஆடு மாடு மேய்ந்து மேய்ந்து இடுப்பளவுக்குக் குறுகிய காடு. அரைமலையில் வேங்கை, வெக்காலி, நெல்லி, கடுக்காய், மூங்கில். சந்தனமும் இங்கேதான். ஒரு காலத்தில் ஜவ்வாதின் பெயரே சந்தனத்தால்தான் பேசப்பட்டது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு வந்ததற்கும் அதுவே காரணம். இன்று பெரிய மரம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டு இரண்டு நாள் நடந்தேன். வேலிக்குள் நட்டு வளர்த்த கன்றுகளைத்தான் பார்த்தேன். வெட்டியது யார் என்று கேட்டால், மேலே இருப்பவர்கள் கீழே கை காட்டுவார்கள், கீழே இருப்பவர்கள் மேலே.

மூன்றாவது, ஓடைப் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் சோலை. கொல்லியிலும் சேர்வராயனிலும் உயரத்தில் இது உண்டு. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே பாசி ஈரமாக இருக்கும். ஒரு தெருவளவு அகலம்தான் இருக்கும், ஆனால் கீழே ஓடும் தண்ணீருக்கு அதுதான் ஊற்றுக்கண்.

இன்னொரு எச்சரிக்கை. சேர்வராயனில் நீங்கள் பார்க்கும் கரும்பச்சை முழுவதும் காடு என்று எண்ண வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக் மரங்களை நட்டார்கள், மிளகு ஏற்றினார்கள். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது காடு. உள்ளே நடப்பவனுக்கு வரிசை போட்டு நிற்கும் தோட்டம்.


பெண்ணைக்கரை

மலை, மரம், பெயர் எல்லாவற்றையும் பேசினீர்கள். நாங்கள் கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணை கடலில் சேரும் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எந்த மலையும் தெரியாது. ஆனால் அந்த மலைகள் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கின்றன.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, மெதுவாக உள்ளே நகர்ந்தது. கடலோரத்தில் மழை விட்டுவிட்டது, தப்பித்தோம் என்று இருந்தோம். மழை மேலே போய்க் கொட்டியிருக்கிறது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. உங்கள் அட்டையில் ஊத்தங்கரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வடக்கே ஜவ்வாது, தெற்கே சித்தேரிப் பக்கம். அங்கே பெய்ததெல்லாம் தென்பெண்ணையில்தான் விழ வேண்டும், சாத்தனூர் அணை வழியாகத்தான் போக வேண்டும். அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். வானம் வெளுத்த பிறகு எங்கள் தெருவில் வெள்ளம் வந்தது. மாவு மூட்டையை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இது எந்த ஊர்த் தண்ணீர் என்று என் மாமியார் கேட்டார். அன்றைக்குத்தான் நானே வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.

ஆகவே உங்கள் படத்தில் ஆறுகளை மெல்லிய நீலக் கோடாகப் போட்டு முடித்துவிடாதீர்கள். ஜவ்வாதிலிருந்து செய்யாறும் கமண்டல நாகநதியும் இறங்கிப் பாலாற்றுக்குப் போகின்றன. கல்வராயனிலிருந்து கோமுகியும் மணிமுக்தாவும். வசிட்ட நதியும் கொல்லி, பச்சைமலைப் பக்கத்துச் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, மணிமுக்தாவையும் சேர்த்துக்கொண்டு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. சேர்வராயனின் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போய்விடுகின்றன. பனி மலை ஒன்றும் இல்லாமல், இந்தத் துண்டு மலைகளை நம்பித்தான் இத்தனை ஆறு.


பாறைப்பேச்சு

பெண்ணைக்கரை அம்மா சொன்னது முக்கியம். வடக்கே பாலாறு, தெற்கே காவிரி, நடுவில் பெண்ணை, வெள்ளாறு என்று நான்கு வடிநிலங்களுக்கும் இந்த மலைகள்தான் வரப்பு. வரப்பு துண்டு துண்டாக இருந்தாலும் வரப்புதான்.

சித்தேரி, கல்வராயன் எல்லை பற்றி ஜன்னலோர இருக்கை விட்டுவைத்தாரே, அதில் என் கருத்து: உடலால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, பெயரால் பிரிந்தவை. கல்வராயனுக்குள்ளேயே சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று பிரிவு உண்டு. வடக்கில் உள்ளது சின்னது, தெற்கில் உள்ளது உயரமானது. இந்த இடத்தில் கோட்டை அழுத்தாமல் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.


ஒற்றையடி

மலைகள் துண்டு என்பது மனிதனைவிட விலங்குக்குத்தான் நன்றாகத் தெரியும். ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பி ஜவ்வாதுக்கு வந்து தங்கிய யானைகள் மலையடிவாரத்து வயல்களில் இறங்க, 2013இல் திருவண்ணாமலைப் பக்கம் ஆறு யானைகளை வனத்துறை பிடித்துக் கொண்டுபோனது. காடு தொடர்ந்திருந்தால் அவை வந்த வழியே போயிருக்கும். நடுவில் கரும்பும் நெடுஞ்சாலையும் இருந்தன.


கோடுபோடுபவன்

அட்டை தப்பித்தது. இப்போதைய நிலவரம் இது.

பழுப்புப் பட்டையை அழித்துவிட்டேன். முதலில் ஆறுகள், பிறகு வாசல்கள், மிஞ்சியதெல்லாம் மலை. செங்கம், மஞ்சவாடி, தொப்பூர், ஆத்தூர், தம்மம்பட்டி ஐந்தும் சிவப்பில். சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே புள்ளிக்கோடு. மேல்நாட்டான் ஐயா சொன்னபடி நாட்டுப் பெயர்கள் மலைக்குள்ளே. ஜவ்வாதில் இடம் போதாமல் புங்கம்பட்டுநாட்டை வளைத்து எழுதியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். காவலூரில் ஜிகினா.

நிறத்தை மகள் முடிவு செய்துவிட்டாள். அட்டையை இரண்டாக மடித்தால் ஒரு பக்கம் நவம்பர், ஒரு பக்கம் ஏப்ரல். அதாவது இதே படத்தை நான் இன்னொரு முறை வரைய வேண்டும். தலைப்பு "கிழக்கு மலைகள்" என்று மட்டும். "தொடர்ச்சி" என்று எழுதாவிட்டால் ஆசிரியை மதிப்பெண் குறைப்பார் என்று மகளுக்குப் பயம் இருந்தது. அடைப்புக்குறிக்குள் போட்டுச் சமாதானம் செய்துகொண்டோம்.


ஜன்னலோர இருக்கை

படம் அருமை. ஆனால் போதமலை எங்கே? ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே. முதல் பதிவிலேயே சொன்னேனே. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையில் சுமந்து ஏறிய மலை அது. அதை விட்டுவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.


கோடுபோடுபவன்

ஐயோ. அந்த இடத்தில் திசைகாட்டி வரைந்துவிட்டேன்.